வாட்ச் பிடிக்கிற அந்தோணி

அந்தோணிக்கு என்ன வேலை என்று கேட்டால் ஊரில் யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். சிரிப்பார்கள், இல்லையென்றால் வேறு பேச்சுக்குத் தாவுவார்கள். நான் சொல்கிறேன். அப்பாதுரை என்று ஒருவன் மனிதர்களை அடிப்பான். அடிக்கும் முன்பு கையில் கட்டியிருக்கிற தங்க வாட்சைக் கழற்றிக் கொடுப்பான். அவன் அடித்து முடிக்கும் வரைக்கும் அதைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அந்தோணியின் வேலை.

காஞ்சிபுரத்தில் லாரி ஷெட்டுக்கு எதிரே அப்போது எனக்கு சோடாக் கடை. ஷெட்டில் மூட்டை ஏற்றி இறக்கும் குத்தகை அப்பாதுரையுடையது. ஆகவே அந்த மகாராஜன் கையால் நடந்த திருப்பணிகள் பெரும்பாலும் என் கண் முன்னால்தான் நடந்தன. என் கடைப் பாட்டில் உடையாமல் அங்கே ஒரு சண்டை முடிந்ததில்லை. கோலி சோடா பாட்டில் தடித்த கண்ணாடி. பாட்டிலும் மண்டையும் மோதினால் மண்டைதான் முதலில் உடையும். யாரோ யாரையோ அடிக்க, உடைந்த பாட்டிலைப் பெருக்கி அள்ளுவது என் தலையெழுத்து. அந்த எரிச்சல் இன்னும் எனக்குத் தீரவில்லை.

அந்த வாட்ச் வந்த கதையே ரத்தக் கதைதான். அறுபத்தெட்டில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள் தறிகளை நிறுத்தினார்கள். பட்டுக் கடைக்காரர் ஒருவர் அப்பாதுரைக்கு ஆள் விட்டார். அவர் பெயர் எதற்கு, பேரப்பிள்ளைகள் இன்று அன்னதானம் செய்துகொண்டு கௌரவமாக இருக்கிறார்கள். அப்பாதுரை தாமல்காரன். விவசாயக் குடும்பம், ஆனால் சேற்றில் இறங்க உடம்பு வணங்காது. டவுனுக்கு வந்து அடிப்பதில் பெயர் எடுத்தவன். அவன் வீடு வீடாக ஏறி, தறியில் பூட்டியிருந்த பாவு நூல்களைக் கத்தியால் அறுத்தான். தடுக்க வந்த இளங்கோவன் என்ற நெசவாளியின் விரல்களைக் கதவு இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். ஒரு முறை அல்ல. அந்த ஆள் அதற்குப் பிறகு தறியில் உட்கார்ந்து நாடா பிடிக்கவே இல்லை. வாரம் திரும்புவதற்குள் தறிகள் மறுபடி ஓடின. கடைக்காரர் சந்தோஷப்பட்டு, மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வாட்சை அப்பாதுரைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்.

பொல்லாதவன் கையில் இருந்தாலும் அழகான பொருளை அழகு என்றுதான் சொல்ல வேண்டும். சுவிஸ் நாட்டு ஒமேகா. கூடு முழுக்கத் தங்கம், முலாம் கிடையாது. முகம் காய்ச்சின பாலின் ஆடை நிறம். அதில் எண்களே இல்லை; எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய தங்கக் குச்சிகள் பதித்திருந்தன. மேல் கண்ணாடி லேசாக உப்பியிருக்கும். சாய்த்துப் பார்த்தால் ஓரத்துக் குச்சிகள் வளைந்து தெரியும். நொடி முள் தலைமயிர் கனம்தான், தாவித் தாவிப் போகாமல் வழுக்கிக்கொண்டே சுற்றும். தேதிக்கு ஒரு குட்டி ஜன்னல். பட்டை முதலைத் தோல். தினமும் சாவி கொடுக்கிற வேலையும் இல்லை. உள்ளே ஓர் அரைவட்டத் தகடு, கை அசைய அசையப் புரண்டு தானே முறுக்கேற்றிக்கொள்ளும்.

வேடிக்கை என்னவென்றால் அப்பாதுரைக்கு அதில் மணி பார்க்கத் தெரியாது. எண் போட்ட கடிகாரம்தான் அவனுக்குப் பழக்கம். முழுக்கைச் சட்டையை மடித்து விட்டு, தங்கம் வெயிலில் மின்ன என் கடைக்கு வந்து, "சோடா, மணி இன்னா ஆவுது?" என்று கேட்பான். நான் சுவரில் தொங்கும் தகரக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வேன். சிரிக்க முடியுமா? சிரித்தவன் பல் அவன் பையில் இருக்கும்.

முதலில் அவன் வாட்சோடுதான் அடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இடக்கைக் குத்துதான் பலம். ஒருநாள் பஸ் கண்டக்டர் ஒருவரை முகத்தில் குத்தினான். கண்டக்டரின் மூக்கு உடைந்தது, வாட்சும் நின்றுபோனது. மூக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வாட்சைத் தூக்கிக்கொண்டு அப்பாதுரை ரிப்பேர்க்காரர் பஞ்சாட்சரத்திடம் ஓடினான். அவர் பின்மூடியைத் திறந்து, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "உள்ள சக்கரத்தத் தாங்குற அச்சு ஒண்ணு, ஊசி மொனையவிட சன்னம். அது ஒடிஞ்சிருக்குது. கீழ வுழுந்தாகூட இந்த வாட்ச்சு தாங்கும் நைனா. நீ குத்துற குத்துக்குத் தாங்காது."

அந்த அச்சு மெட்ராஸிலிருந்து வந்து சேரும் வரைக்கும் அப்பாதுரை இழவு வீட்டுக்காரன் மாதிரி அலைந்தான். வீட்டுக் கடிகாரம் நின்றால் கேடு என்று நம்புகிற குடும்பம் அது. கையில் கட்டியது நின்றால் கேட்க வேண்டுமா? அதற்குப் பிறகுதான் கழற்றிக் கொடுக்கும் வழக்கம் வந்தது. தானே கழற்ற மாட்டான். மாப்பிள்ளை போலக் கையை நீட்டுவான். அந்தோணி பக்கிளைத் தளர்த்தி, வாரை உருவி, துண்டில் ஏந்திக்கொண்டு இரண்டு அடி பின்னால் போய் நிற்பான். வாட்ச் இருந்த இடத்தில் வெயில் படாத தோல் ஒரு பட்டை வெளுப்பாகத் தெரியும். அந்த வெளுப்பைப் பார்த்ததும் ஷெட்டில் இருக்கிறவர்கள் மூட்டையைப் போட்டுவிட்டு ஒதுங்குவார்கள். அடித்து முடித்ததும் மறுபடி கையை நீட்டுவான். அந்தோணி முதலில் அவன் விரல்களில் இருக்கும் ரத்தத்தைத் துடைத்துவிட்டுத்தான் வாரைக் கட்டுவான்.

அப்பாதுரையின் பெண்சாதி பெரியநாயகி ஒருநாள் என் வீட்டுக்காரியிடம் சொல்லி அழுதாள்: "அது அவரு கையில இருக்குற வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்லக்கா. ரேடியோ மேல கழட்டி வெக்கச் சொல்லிக் கைய நீட்டுனாருன்னாதான் கொழந்தைங்கள பக்கத்து வூட்டுக்கு அனுப்பிடுவேன்."

அந்தோணி கெட்டவனா என்று கேட்டால் இல்லை. தாமல் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற காலனியில் பிறந்தவன். அவன் அப்பன் அப்பாதுரை வீட்டு நிலத்தில் மாடாக உழைத்துச் செத்தவன். அம்மா போகும்போது இடுப்புப் பிள்ளையாக இருந்த தம்பி சூசையை இவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். தான் கஞ்சி குடித்து அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தான். அன்னம்மாளைக் கட்டிக்கொண்டபோதுகூட, "என் தம்பி நம்மகூடத்தான் இருப்பான், சம்மதமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டினான். அந்தோணிக்கு உலகத்தில் பயம் ஒன்றே ஒன்றுதான். என்றாவது ஒருநாள் அந்த வாட்ச் சூசைக்காகக் கழலும், அன்றைக்கும் தான்தான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இதை அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

பயத்துக்குக் காரணம் உண்டு. சூசைக்கு அண்ணனின் பொறுமையில் அரைக்கால் பங்கும் கிடையாது. அதே ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான், கூலிக்காரர்களைக் கூட்டி சங்கம் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. மூட்டை தூக்குகிறவன் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. அவ்வளவுதான். அதைத்தான் அப்பாதுரையால் தாங்க முடியவில்லை.

இடையில் அப்பாதுரை ஒரு தப்புக் கணக்குப் போட்டான். வெளியூரிலிருந்து வந்த ஒரு தாசில்தாரின் தாடையை உடைத்தான். உள்ளூர்க்காரன் தாடை என்றால் சாட்சி இருக்காது. இது சர்க்கார் தாடை. வேலூர் ஜெயிலுக்குப் போக வேண்டியதாயிற்று. அப்போதுதான் கேள்வி வந்தது, வாட்ச்?

கையில் இல்லாமல் பெட்டியில் கிடந்தால் அது நின்றுவிடும். நின்றால் கேடு. திருகி முறுக்கேற்றலாம்தான், ஆனால் அந்தத் திருகைப் பஞ்சாட்சரத்தைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்பது அவன் சட்டம். பெரியநாயகி கையில் அது வளையல் மாதிரி கழன்று விழும். பங்காளி தர்மனிடம் கொடுத்தால் ஜெயிலிலிருந்து வருவதற்குள் வாட்ச் தர்மனுடையதாகிவிடும். யோசித்து யோசித்து, தன்னை ஏமாற்றத் துணியாதவன் உலகத்தில் ஒருத்தன்தான் என்று முடிவு கட்டினான். போலீஸ் வேனில் ஏறும் முன்பு அந்தோணியிடம் கையை நீட்டினான். "கட்டிக்கடா. நான் வர்ற வரைக்கும் நிக்கக் கூடாது. நின்னுச்சு, நீயும் நின்னுடுவே."

பூட்டுப் போட்ட பெட்டியைவிடப் பயந்தவன் கை பத்திரம் என்று அவன் நினைத்தான். எத்தனை பெரிய முட்டாள்தனம் அது என்று பிறகு ஏரிக்கரையில் நடந்ததிலேயே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன்தான் அங்கே இல்லையே.

காலனிக்காரன் ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடந்தாலே முறைக்கிற காலம். தங்க வாட்சைக் கட்டிக்கொண்டு அந்தோணி எங்கே போவான்? மணிக்கட்டின் மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு, காயம் பட்டவன் மாதிரி நடமாடினான். என் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து துண்டை அவிழ்த்துக் காட்டுவான். "கட்டுனப்ப ஜில்லுனு இருந்துச்சு அண்ணாத்த, பாம்பு சுத்தினாப்புல. அப்புறம் நம்ம சூடு அதுக்கு ஏறிப்பூடுது. இப்ப கழட்டுனாதான் கை வெறுங்கையா இருக்குற மாதிரி இருக்குது. உள்ள ஏதோ புரளுது பாரு, கைய ஆட்டுனா தெரியும்." முதலைத் தோலில் ஊறியிருந்த அப்பாதுரையின் வேர்வை நாற்றமும் ஜவ்வாது வாசனையும் மட்டும் போகவே இல்லை என்றான். சோறு அள்ளி வாய்க்குக் கொண்டுபோகும்போது பக்கத்திலிருந்த இடது கையிலிருந்து அவன் வாடைதான் வருமாம். தூங்கும்போது கை அசையாது என்பதால் அன்னம்மாள் அதைக் குழந்தையின் தூளிக் கயிற்றில் கட்டி ஆட்டுவாளாம். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த தங்க வாட்ச் காலனிப் பிள்ளையின் தூளியில் ஆடியது. பிள்ளை அழுதால்தான் நல்லது என்று அவள் சொன்னதாகக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரிப்பு நீடிக்கவில்லை. ஏரிக்கரையில் ஒருநாள் காற்றுக்குத் துண்டு விலகியிருக்கிறது. தர்மனும் அவன் ஆட்களும் பார்த்துவிட்டார்கள். "மொதலாளிதான் கட்டிக்கச் சொன்னாரு" என்று அந்தோணி கதறியும் ஒருவனும் நம்பவில்லை. நம்பியிருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள். திருடினான் என்பதைவிட, கட்டிக்கொண்டான் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய குற்றம். கீழே தள்ளி, பனங்கருக்கு மட்டையால் அடித்தார்கள். கருக்கு மட்டையின் இரண்டு ஓரமும் ரம்பம். அடித்தால் வலிக்கும், இழுத்தால் தோல் உரியும். அவர்கள் அடித்து இழுத்தார்கள். முதுகில் சதை கிழிந்து தொங்கியது.

தலையில் விழப்போன அடியைத் தடுக்க அந்தோணி இடது கையைத் தூக்கினான். மட்டை அந்தரத்தில் நின்றது.

"டேய், வாட்ச்சு! வாட்ச்சு மேல பட்டுச்சுன்னா அப்பாதுரை நம்மள உசுரோட பொதைப்பான்டா."

அதற்கப்புறம் தலையை விட்டுவிட்டுக் காலில் அடித்தார்கள். கழற்றிக்கொண்டு போகவும் ஒருவனுக்கும் துணிவில்லை. கீறல் விழுந்தால் பழி தன் மேல் வரும் என்று ஆளுக்கு ஆள் ஒதுங்கினார்கள். ரத்தச் சேற்றில் கிடந்தவன் கையில் வாட்சை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். கிழிந்த முதுகோடு அந்தோணி வீட்டுக்குத் தவழ்ந்து வந்தான்.

அப்பாதுரை ஜெயிலிலிருந்து வந்தான். தர்மன் நடந்ததைப் பெருமையாகச் சொன்னான். அப்பாதுரை அந்தோணியைக் கூப்பிட்டு, காலை விந்தி விந்தி வந்தவனைப் பார்த்து முதலில் கேட்ட கேள்வி: "ஓடுதா?" இரண்டாவது கேள்வி: "கீறல் இருக்குதா?" மூன்றாவது கேள்வி கேட்கவில்லை. கையை நீட்டினான், அந்தோணி கட்டிவிட்டான். அன்று நான் அந்தோணியின் மணிக்கட்டைப் பார்த்தேன். அவனுக்கும் அங்கே ஒரு பட்டை வெளுத்திருந்தது.

பிறகு எழுபத்துமூன்று கோடை. ஷெட்டில் முனுசாமி என்ற வயதானவர் சிமெண்டு மூட்டையோடு பலகையிலிருந்து சரிந்தார். மூட்டை கிழிந்தது. அப்பாதுரை அவரை விலாவில் உதைத்தான், மறுபடி உதைக்கக் காலைத் தூக்கினான். சூசை பாய்ந்து அந்தக் காலைப் பிடித்துத் தள்ளிவிட்டான். அத்தனை பேர் முன்னால் அப்பாதுரை லாரி சக்கரத்தடிச் சேற்றில் மல்லாந்து விழுந்தான். வாட்சின் முகமெல்லாம் சேறு. எழுந்தவன் யாரையும் அடிக்கவில்லை. வாட்சைத் துடைத்துக்கொண்டே போனான். அவன் கத்தியிருந்தால்கூட எங்களுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அந்தோணி தம்பியிடம் கெஞ்சினான். என் கடை வாசலில்தான். "மெட்ராஸுக்குப் பூடுடா சூசை. காலுல வுழறேன்."

"நீ வாட்ச்சு புடிச்சுக்கினு நிக்கிறவன். நீ சொல்லி நான் ஓடணுமா?" என்றான் சூசை. அண்ணனை அவன் அப்படிப் பேசியது எனக்கே சுருக்கென்று குத்தியது. அந்தோணி தம்பியின் சட்டையில் ஒட்டியிருந்த சிமெண்டைத் தட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் உச்சி வெயில். அப்பாதுரை இரண்டு ஆட்களோடு வந்து இறங்கினான். கையில் லாரியை முன்னால் நின்று சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டில். ஆட்கள் சூசையை மூட்டை அடுக்கும் கல் மேடையோரம் தள்ளி, பின்மண்டையில் கட்டையால் ஒரு போடு போட்டார்கள். அவன் குப்புற விழுந்தான். சுற்றி முப்பது நாற்பது கூலிக்காரர்கள், ஒவ்வொருத்தன் இடுப்பிலும் மூட்டைக் கொக்கி, ஒருத்தனும் அசையவில்லை. அப்பாதுரை பக்கவாட்டில் திரும்பாமலே இடக்கையை நீட்டினான். "புடிடா."

அந்தோணி வந்தான். பக்கிளைத் தளர்த்தினான், வாரை உருவினான். பின்னால் போகவில்லை. அங்கேயே நின்று வாட்சைத் தன் இடது மணிக்கட்டில் வைத்து, வாரைப் பல்லால் கடித்து இழுத்துப் பூட்டினான்.

"டேய், இன்னா பண்றே?"

"கட்டிக்கிறேன் மொதலாளி. நீங்கதானே கட்டிக்கச் சொல்லிக் கத்துக்குடுத்தீங்க."

சொல்லிவிட்டுத் தம்பியின் மேல் கவிழ்ந்து படுத்தான். இடது கையைச் சூசையின் தலையைச் சுற்றிப் போட்டு, தங்கம் மேலே தெரிய வைத்துக்கொண்டான். ஆட்கள் இருவரும் அவனைப் பிடித்து இழுக்க வந்தார்கள். அந்தோணி கையைக் கல் மேடையின் விளிம்புக்கு நேராகத் தூக்கினான். "கிட்ட வந்தீங்க, ஓங்கி கல்லு மேல அடிச்சிடுவேன்."

"நில்லுங்கடா!" என்று அப்பாதுரை அலறினான். ஆட்கள் நின்றார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், பெற்ற பிள்ளை கிணற்று விளிம்பில் நின்றால்கூட அவன் அப்படி அலறியிருக்க மாட்டான்.

அதற்கப்புறம் அடித்தான். அந்தோணியை அடித்தால் கையை எடுத்துவிடுவான் என்று நினைத்தான் போலிருக்கிறது. இடுப்பில் அடித்தான். ஏற்கெனவே கிழிந்து ஆறின முதுகில் அடித்தான். வலது முழங்கையில் விழுந்த அடியில் எலும்பு முறிந்த சத்தம் எனக்குச் சாலைக்கு இந்தப் பக்கம் கேட்டது. அந்தோணி ஆண்டவரே ஆண்டவரே என்று கத்தினான், இடது கையை மட்டும் எடுக்கவில்லை. இரும்பு அந்தக் கைக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் விலகி விலகிப் போனது. குழந்தைக்கு மை தீட்டுகிறவள் மாதிரி அவ்வளவு ஜாக்கிரதையாக அவன் ஒரு மனிதனை நொறுக்கினான். நொடிக்கு ஒரு தரம் நிறுத்தி, வாட்சுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று குனிந்து பார்த்துக்கொண்டான்.

கூட்டத்தில் முனுசாமிதான் முதலில் வாயைத் திறந்தார். விலாவைப் பிடித்துக்கொண்டு, நம்ப முடியாதவர் மாதிரி சொன்னார்: "வாட்ச்ச பாத்துப் பாத்து அடிக்கிறான்டா."

எல்லாருக்கும் அப்போதுதான் கண் திறந்தது. இத்தனை வருஷமாக நாங்கள் நடுங்கியது இந்தப் பயலுக்கா? ஒரு மணிக்கட்டுக்குப் பயப்படுகிறவனுக்கா? எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. என் கடையில் எத்தனையோ பேர் பாட்டில் எடுத்து எறிந்திருக்கிறார்கள், நான் எறிந்ததில்லை. அன்று எறிந்தேன். நிறைந்த பாட்டில். அது அப்பாதுரையின் நெற்றியில் வெடித்தது. கோலி ஒரு பக்கம் உருண்டது, ரத்தம் அவன் கண்ணை மறைத்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறான், முப்பது நாற்பது கொக்கியும் இடுப்பிலிருந்து கைக்கு வந்துவிட்டன. ஒரு கொக்கி அவன் தோளில் மாட்டிச் சட்டையோடு சதையையும் கிழித்தது. அவன் ஆட்கள் அவனுக்கு முன்னால் ஓடினார்கள். அவனும் ஹேண்டிலைப் போட்டுவிட்டு ஓடினான். வாட்ச் அந்தோணி கையிலேயே இருந்தது.

இருவரையும் மூட்டை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். சூசைக்கு மண்டையில் தையலோடு போயிற்று. இன்னொரு அடி அங்கே விழுந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னார். அந்தோணிக்கு வலது கை முறிவு, விலா முறிவு, இடுப்பில் அசைக்க முடியாத வீக்கம். உடம்பில் அடி படாத இடம் இடது கை ஒன்றுதான். தம்பி கட்டிலோரம் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, வாய் கோணித் தேம்பித் தேம்பி அழுதான். நான் மெதுவாகக் கேட்டேன், "வாட்ச் மேல அடிக்க மாட்டான்னு எப்படிப்பா அவ்ளோ நிச்சயமா இருந்தே?"

"இத்தினி வருசமா பக்கத்துல நின்னவன் அண்ணாத்த. அவரு யாரை அடிப்பாருன்னு ஊருக்கெல்லாம் தெரியும். எதை அடிக்க மாட்டாருன்னு எனக்குத்தான் தெரியும்."

மறுநாள் காலை அப்பாதுரை வந்தான். நெற்றியிலும் தோளிலும் கட்டு. வாசலில் நின்ற கூலிக்காரர்கள் அவன் ஆட்களை வெளியே நிறுத்திவிட்டு அவனை மட்டும் உள்ளே விட்டார்கள், பின்னாலேயே தாங்களும் நுழைந்தார்கள். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கட்டிலருகே வந்து, "வாட்ச்ச குடு" என்றான்.

அந்தோணி இடது கையைப் போர்வைக்கு மேலே எடுத்து வைத்தான். வேறு ஒன்றும் செய்யவில்லை. வலது கை மாவுக்கட்டில் இருந்தது. அந்த வாரைத் தன் கையால் கழற்றி அப்பாதுரைக்குப் பழக்கமில்லை. குனிந்தான். பக்கிள் வழுக்கியது. இன்னும் குனிய வேண்டியிருந்தது. கடைசியில் உருவி எடுத்து, ஓடுகிறதா என்று காதில் வைத்துக் கேட்டான்.

அதே காதில்தான், கட்டிலோரம் நின்றிருந்த அன்னம்மாள் அறைந்தாள்.

"கழட்டியாச்சு இல்ல? இனிமே அடிக்கலாம் இல்ல?" என்று கேட்டுவிட்டு இன்னொன்று அறைந்தாள். வார்டு முழுவதும் சத்தம் எதிரொலித்தது. வாட்ச் எகிறி, சிமெண்டுத் தரையில் விழுந்து, கட்டிலுக்கு அடியில் எங்கேயோ போயிற்று. அப்பாதுரை கை ஓங்கினான். சுற்றிப் பார்த்தான். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கீழே விட்டான். அப்புறம் அவன் செய்ததைப் பார்க்க ஊரே அங்கே இருந்திருக்க வேண்டும். மண்டியிட்டான். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, எச்சில் சட்டியை ஒதுக்கிவிட்டு, அந்தோணியின் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டான்.

அன்னம்மாள் மூன்றாவது அறைக்குக் கையைத் தூக்கிக்கொண்டு கட்டிலை ஒட்டி அவன் பக்கத்தில் நின்றாள். அந்தோணி தலையணையிலிருந்து மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

"காலைக் கொஞ்சம் நவுத்திக்க அன்னம்மா," என்றான். "மொதலாளி தேடுறாரு."